வயோமிங் மலைமேல மீன் பிடிச்ச கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போன ஆகஸ்ட்ல குடும்பத்தோட அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல இருக்கற கெம்மரர்ங்கற ஊருக்குப் போயிருந்தோம், கல்லுக்குள்ள இருக்கற மீன் ஃபாசில் (கல்லாப் போன பழங்கால மீனு) எடுக்க. சால்ட் லேக் சிட்டியிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிரைவ். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, எங்க பாத்தாலும் சேஜ்பிரஷ் புதர்தான். "இங்க மீனாப்பா?"ன்னு பையன் சிரிக்கறான். 5 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இது ஏரிடா, பனை மரம் முதலை எல்லாம் இருந்துச்சுன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறான்.

காசு கட்டிட்டு நாமளே கல்லை உடைச்சு மீனை எடுத்துக்கற தனியார் குவாரி. சுத்தியலும் உளியும் குடுத்து, இதான் அடுக்குன்னு காட்டிட்டுப் போயிட்டாங்க. கல்லு பாக்க மழையில நனைஞ்சு காஞ்ச நோட்டுப் புஸ்தகம் மாதிரி தாள் தாளா இருக்கு. நான் போன வேகத்துல நடுவுல ஒரே போடு, கல்லு குறுக்கால உடைஞ்சு உள்ள இருந்த மீனுக்கு தலை ஒரு பக்கம் வாலு ஒரு பக்கம். அப்புறம்தான் பழகுச்சு, ஓரத்துல உளிய வெச்சு மெதுவா தட்டிக்கிட்டே சுத்தி வரணும், டக் டக்னு இருந்த சத்தம் ஒரு இடத்துல பொத்துன்னு கேக்கும், அப்ப லேசா நெம்புனா ரெண்டா பிரியும், பிரியறப்ப குப்புன்னு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும். அந்தக் காலத்துப் பாசி கீசி எல்லாம் கல்லுக்குள்ளயே எண்ணெய்ப்பசையா தங்கிடுச்சாம்.

ஒரு மணி நேரம் உச்சி வெயில்ல உடைச்சு உடைச்சு வெறுங்கல்லுன்னு பின்னாடி வீசிட்டு இருந்தேன். அங்க வேலை பாக்கற பெரியவர் ஒருத்தர் வந்து நான் வீசுனதுல ஒண்ணை எடுத்து, வெயில் பக்கவாட்டுல விழற மாதிரி சாய்ச்சுப் பிடிச்சார் பாருங்க, நூல் வெச்ச மாதிரி ஒரு மேடு, முதுகெலும்பு! மேல மெல்லிசா கல்லு மூடியிருக்கு, அவ்ளோதான். மிச்ச நாள் பூரா நான் வீசுன குப்பையைத்தான் கிளறிக்கிட்டு இருந்தேன், வேற வழி 😂

கிடைச்சதுல முக்கால்வாசி நைட்டியா, நம்ம மத்தி மாதிரி வெரல் நீளக் குட்டி மீனு, 1987லேர்ந்து அதான் வயோமிங்கோட ஸ்டேட் ஃபாசில், மாநிலச் சின்னம் மாதிரி. பொண்ணு பிரிச்ச ஒண்ணு ரொம்ப சுத்தமா வந்துச்சு, செதில் கூட தெரியுது, ஆனா மீனு ரெண்டு பலகையிலயும் பாதி பாதியா ஒட்டிக்கிச்சு. நல்லதாப் போச்சு, ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்து சண்டையை முடிச்சேன். ஊருக்கு வீடியோ கால்ல காட்டுனா அம்மா, "இந்தக் கருவாட்டுக்கா அவ்ளோ தூரம் போனே?"

---

அண்ணா சூப்பர். நாங்க பக்கத்துல ஃபாசில் பியூட் நேஷனல் மானுமெண்ட்டுக்கு மட்டும் போனோம், அங்க ஒரு கல்லைக் கூட எடுக்கக் கூடாது, ஆனா மியூசியத்தை விட்டுடாதீங்க. திருக்கை இருக்கு, ஏரித் திருக்கை! மயோப்லோசஸ்னு ஒரு மீனு, தன்னைவிட கொஞ்சம் சின்ன மீனை முழுங்கப் போயி தொண்டையில மாட்டி அப்படியே செத்துக் கல்லாயிருக்கும், அதைப் பாத்துட்டு என் வீட்டுக்காரர் அன்னிக்கு பர்கரை மெதுவா மென்னு சாப்பிட்டார். இன்னொண்ணு, குவாரிக்கு வெளிய ரோட்டோரமா கிடக்குதேன்னு உடைக்காதீங்க, ஃபெடரல் (மத்திய அரசு) நிலத்துல முதுகெலும்புள்ளதோட ஃபாசில் எடுக்க பர்மிட் வேணும்.

---

அந்த சாய்ஞ்ச வெளிச்சம் மேட்டர்தான் முழு வித்தையும். அந்தக் குவாரிப் பக்கம் 18 இன்ச் லேயர்னு ஒரு கல் அடுக்கு இருக்கு, பெரிய நல்ல மீனெல்லாம் அதுலதான், ஆனா மீனு மேலயே பிரியாது, கொஞ்சம் கல்லு மூடியே இருக்கும். அதனால ராத்திரில தோண்டுவாங்க. நான் ஒரு தடவை சேந்துக்கிட்டேன். லைட்டைத் தரையோட தரையா வெச்சா, பகல்ல மொழுக்குன்னு இருந்த பாறையில அங்கங்க மீனு வடிவத்துல நிழல் எழும்புது, போர்வைக்குள்ள படுத்திருக்கற மாதிரி. உடனே சுரண்டாதீங்க, சுத்தி பென்சில்ல கோடு போட்டு ரம்பத்தால சதுரமா வெட்டி எடுத்துட்டு வந்து வீட்டுல ஊசியால பொறுமையா கிளீன் பண்ணணும். என்னோட டிப்லோமிஸ்டஸ் (அதுவும் அந்த ஏரி மீனுதான்) ஒண்ணு ரெண்டு வருஷமா டைனிங் டேபிள்ல கெடக்கு, இப்பதான் கண்ணு வரைக்கும் வந்திருக்கேன். ஆகஸ்ட்னாலும் ராத்திரி குளிரு பல்லு ஆடும், ஜாக்கெட் எடுத்துக்கங்க.