பிரசவம் முடிந்து 7 வாரம்: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
தங்கைக்குச் சுகப்பிரசவம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறாள். உடற்பயிற்சி செய்து பழக்கமே இல்லை. வயிறு தளர்ந்திருக்கிறது, சிட்-அப் எடுக்கலாமா? சாப்பாடு எப்படி?

பதில் 1:
சிட்-அப் இப்போது வேண்டாங்க. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். தொப்புளை ஒட்டி நடுக்கோட்டில் விரல் வைத்தால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி தெரிகிறதா? வயிற்றுத் தசை விலகியிருக்கிறது என்று அர்த்தம். நடுவயிறு கூம்பு மாதிரி புடைக்கிற எந்தப் பயிற்சியும் ஆகாது.

முதலில் இடுப்புத்தளத் தசை, அதாவது கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை. சிறுநீரை அடக்குவது போல 5 விநாடி இறுக்கி, 5 விநாடி முழுதாகத் தளர்த்தணும். 10 முறை, தினம் 3 வேளை. பலர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் அழுத்தம் கீழே இறங்கிவிடும். கூடவே 10 நிமிட நடை, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 10 முறை. ஓட்டம் பிரசவமாகி 12 வாரம் கழித்துத்தான்.

பதில் 2:
பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், மலச்சிக்கல் வந்து முக்கினால் இடுப்புத்தளத் தசைக்குத்தான் கேடு. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடிக்கட்டும். முதல் 6 மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). பூண்டுக் குழம்பு நல்லதுதான். சுறாவில் பாதரசம் அதிகம், அதனால் சுறாப்புட்டைத் தவிர்ப்பது நல்லது. முட்டை, பருப்பு, கீரையையும் சேருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரை வேறு வேளையில்.

பதில் 3:
நின்ற உதிரப்போக்கு திரும்பினாலோ, அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி கனத்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.