பெரிய வீடு குழு: கையெழுத்துக்கு முன்

குமார் சித்தப்பா: மதுரையில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் வைத்துத் தீர்க்கிற வழக்கு, பார்க்கிற வக்கீல் யாரையாவது தெரியுமா? வீடு கட்டிய கான்ட்ராக்டரோடு தகராறு முற்றிவிட்டது.

மல்லிகா அத்தை: மாடி ஒழுகுகிறது என்றாயே, அதுவா? இன்னுமா சரி செய்து தரவில்லை?

குமார் சித்தப்பா: அதேதான் அக்கா. 28 லட்சம் வாங்கிவிட்டார். இப்போது பழுது பார்க்க வேறு மேஸ்திரி 8 லட்சம் கேட்கிறார். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அக்ரிமென்ட்டில் ஆர்பிட்ரேஷன் என்று போட்டிருக்கிறது.

ரவி: ஆலமரத்தடிப் பஞ்சாயத்துதானே மாமா, சொம்பு நான் கொண்டுவருகிறேன் 😄

மல்லிகா அத்தை: நம் பாகப்பிரிவினை வக்கீலையே கேளேன் குமாரு.

தேவி: அவர் பத்திரத்தில் கெட்டி அத்தை, இது வேறு வேலை. சித்தப்பா, யார் நடுவர் என்று எழுதியிருக்கிறது?

குமார் சித்தப்பா: "கம்பெனி எம்.டி. நியமிப்பவரே ஒரே நடுவர்." நேற்று ஆள் அனுப்பி, எம்.டி.யின் அண்ணனை நடுவராக ஏற்கிறேன் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.

தேவி: போட்டுவிட்டீர்களா???

குமார் சித்தப்பா: கண்ணாடி கிடைக்கவில்லை. நாளை வா என்று அனுப்பிவிட்டேன்.

மல்லிகா அத்தை: உன் மறதியால் இன்றைக்குத்தான் ஒரு நல்லது நடந்திருக்கிறது.

தேவி: உண்மைதான் அத்தை. தகராறில் அக்கறை உள்ள எம்.டி. தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடப்பிறந்தவர் நடுவராக இருக்கவும் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12(5) பிரிவு தடை. ஆனால் தகராறு வந்த பிறகு நீங்களே எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை போய்விடும். அதற்குத்தான் அந்தக் கடிதம்.

குமார் சித்தப்பா: அடப்பாவிகளா. சரி, அப்புறம் என்ன செய்ய?

தேவி: முதலில், தகராறை நடுவரிடம் கொண்டுபோகிறோம் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவில் நோட்டீஸ். பொதுவான ஒருவரை நடுவராக வைக்க அவர்கள் 30 நாளில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், 11ஆம் பிரிவில் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் மனுப் போட்டு நடுவரைக் கேட்கலாம். வக்கீலைப் பார்க்கும்போது இந்த 11ஆம் பிரிவு மனு எத்தனை நடத்தியிருக்கிறார், நடுவர் தீர்ப்பைக் கோர்ட்டில் எதிர்க்கும் 34ஆம் பிரிவு வழக்கு பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

ரவி: என் நண்பனின் சீனியர் அங்கேதான் இருக்கிறார். இந்த இரண்டையும் கேட்டுச் சொல்கிறேன்.

குமார் சித்தப்பா: செலவு எவ்வளவு ஆகும்மா?

தேவி: நடுவருக்கும் ஃபீஸ் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 4ஆவது அட்டவணைக் கணக்கில் 8 லட்சத்துக்கு 55,500 ரூபாய். ஒரே நடுவர் என்றால் 25 சதவீதம் கூட, சுமார் 69,000. வழக்கமாக இரண்டு தரப்பும் பாதிப் பாதி. வக்கீல் ஃபீஸ் தனி.

ரவி: சொம்பு இந்த விலையா!

தேவி: அதனால் வக்கீலிடம் இன்னொன்றும் கேளுங்கள் சித்தப்பா. குடியிருக்கக் கட்டிய வீடு, நீங்கள் நுகர்வோர். ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. 28 லட்சத்துக்கு மனுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆனால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். சாவி வாங்கி எவ்வளவு நாள்?

குமார் சித்தப்பா: 14 மாதம். இரு, பெல் அடிக்கிறது. அந்த ஆள்தான் வந்திருக்கிறான்.

மல்லிகா அத்தை: கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்.