புதுப்பிப்பு: ஸ்குவாட்டில் குதிகால் எழும்பிய சிக்கல் தீர்ந்தது

வெறும் 20 கிலோ பார்பெல்லுடன் (எடைத் தட்டுகள் மாட்டும் நீண்ட கம்பி) ஸ்குவாட், அதாவது கம்பியை முதுகுப்பக்கம் தாங்கியபடி உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்யும்போதே குதிகால் எழும்புகிறது, கழுத்தும் வலிக்கிறது என்று ஆறு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் கணுக்கால் நீட்சிப் பயிற்சியை இரண்டு வாரம் செய்தேன். பெரிய மாற்றம் இல்லை. பலன் தந்தது, கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அகற்றி, பாதங்களை ஏறத்தாழ 30 டிகிரி வெளியே திருப்பி, முழங்கால்களை அதே திசையில் கொண்டுபோகச் சொன்ன யோசனைதான். அன்றே குதிகால் தரையில் நின்றது! மெத்தென்ற ஓட்டக் காலணியை விட்டுத் தட்டையான கேன்வாஸ் காலணிக்கு மாறியதும் தள்ளாட்டம் குறைந்தது.

நான் எதிர்பாராதது கழுத்து வலியின் காரணம். கம்பியைக் கழுத்தெலும்பின் மேலேயே வைத்திருந்திருக்கிறேன். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கினால் மேல்முதுகுத் தசை திரண்டு ஒரு மேடைபோல் எழுகிறது. கம்பி அங்கேதான் உட்கார வேண்டும். கம்பியில் சுற்றும் பஞ்சு உறை தேவையே இல்லை.

இப்போது 40 கிலோவில் ஐந்து முறை வீதம் மூன்று சுற்று. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. தனியாகச் செய்பவர்கள் ரேக்கின் (பார்பெல்லைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) பாதுகாப்புக் கம்பிகளை மறக்காமல் பொருத்துங்கள். நான்காம் வாரம் எழ முடியாமல் போனபோது என்னைக் காப்பாற்றியவை அவைதான்.