2017 மாடல், 26 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கிறது: வால்பாறை போவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

தாம்பரத்தான்:

வணக்கம். சில மாதங்களுக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினேன். 2017 மாடல், பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். ஒரே ஓனர், ஓய்வுபெற்ற பெரியவர், கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர வண்டியை வெளியே எடுத்ததே இல்லை என்றார். மீட்டரில் 26 ஆயிரம்தான், சர்வீஸ் ரெக்கார்டும் அதோடு ஒத்துப்போகிறது. ஸ்டெப்னியோடு சேர்த்து டயர் ஐந்தும் கம்பெனியிலிருந்து வந்தவையே, பட்டன் (டயரின் மேடுகள்) இன்னும் நன்றாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு லீவு வருகிறது. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருச்சி, திண்டுக்கல், பழனி வழியாகப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து ஆழியாறு வழியே வால்பாறை ஏறலாம் என்று திட்டம். நான் மலையில் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் கொஞ்சம் பயம். வண்டியை சர்வீஸுக்கு விட்டேன்: இன்ஜின் ஆயில், ஃபில்டர் மாற்றி, கழுவிக் கொடுத்தார்கள். பிரேக் ஆயில் பற்றிக் கேட்டதற்கு "லெவல் சரியாக இருக்கிறது சார், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு ஒன்றும் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்து இரண்டு விஷயம். 85, 90 வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. காலையில் முதல் பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் நாள் முழுக்க இல்லை. இந்த இரண்டும் பெரிய விஷயமா? வேறு என்ன பார்க்க வேண்டும்? வீட்டிலேயே நானே பார்க்கக்கூடியது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பீளமேடு பட்டறை:

தம்பி, காலைச் சத்தத்தை விடுங்கள். இரவில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் மேல் படியும் ஈரத்தில் மெல்லிய துரு பிடிக்கும், முதல் இரண்டு பிரேக்கில் தேய்ந்து போய்விடும். எல்லா வண்டியிலும் உண்டு. சத்தம் நாள் முழுக்க வந்தால்தான் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் எனக்குக் கவலை தருவது வேறு. "குறைவாக ஓடியது" என்று சொல்லிச் சொல்லியே உங்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறார்கள். கி.மீ. கணக்கில் தேய்வது பேட், கிளட்ச், இன்ஜின் உள்பாகங்கள். ரப்பரும் பிரேக் ஆயிலும் பேட்டரியும் வண்டி நின்றாலும் கெடும், அவற்றுக்கு வருடக் கணக்குதான். ஒரு லட்சம் ஓடி வேளாவேளைக்கு மாற்றின வண்டியை நான் நம்பி மலைக்கு அனுப்புவேன். 26 ஆயிரம் ஓடி எதுவுமே மாற்றாத வண்டியை அப்படியே அனுப்ப மாட்டேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹோஸ் ரப்பர் வழியாக, மூடியின் காற்றுத் துளை வழியாக மெதுவாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று சொல்வார்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் மூன்றரை சதவீதத்தைத் தாண்டும்போது அதே ஆயில் 155 டிகிரி பக்கம் வந்துவிடும். டாட் 3 என்றால் 205, 140. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும், அது மெல்ல ஆயிலுக்கும் ஏறும். ஆயில் கொதித்தால் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம், அதனால் நீங்கள் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரைக்குப் போகும். டப்பாவில் லெவல் மேல் கோட்டில் இருந்தாலும் இதேதான் நடக்கும். லெவல் சரி என்றால் லீக் இல்லை என்று வேண்டுமானால் அர்த்தம், ஆயில் நல்லது என்று அர்த்தமில்லை.

பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உங்கள் பில்களைப் புரட்டுங்கள், எங்கேயும் மாற்றியதாக இல்லையென்றால் உள்ளே இருப்பது 2017 ஆயில். பானட்டைத் திறந்து டப்பாவைப் பாருங்கள், புது ஆயில் இளமஞ்சளாக, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். உங்களுடையது டிகாஷன் நிறத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினால் மாற்றியதாகாது. நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடுகிற ப்ளீடர் திருகைத் திறந்து, பழையது முழுக்க வெளியேறித் தெளிவான ஆயில் வரும்வரை விட வேண்டும். சீல் உடைக்காத டின்னாக வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த டாட் என்று மூடி மேலேயே அச்சடித்திருக்கும். டாட் 5 மட்டும் சிலிகான், அதைத் தப்பித் தவறியும் ஊற்றக் கூடாது.

வீட்டில் பார்க்க ஒன்று சொல்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள், பெடல் கல்லாக இறுகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால், நம் மிதிக்கு வலு சேர்க்கிற பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வாருங்கள்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட்டும் மாற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்குங்கள், மொறுமொறுவென்று விறைத்திருந்தாலோ வளைவில் வெடிப்பு தெரிந்தாலோ ஹோஸ் போயிற்று. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம், உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றே கிடந்த வண்டி என்பதால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பானட்டுக்கடியில் டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சேலம் டயர்க்காரர்:

பட்டறை அண்ணன் சொன்னதோடு டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும், பிரேக் ஆயில் டாட் வேறு, இது வேறு, அதன் கடைசி நான்கு எண்தான் பிறந்த தேதி. 0917 என்றால் 2017ஆம் வருடம் ஒன்பதாவது வாரம். முழு வரிசையும் ஒரு பக்கம்தான் அடித்திருப்பார்கள், வெளியே தெரியவில்லை என்றால் உள்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும்.

பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது, அது தெரிவதற்கு காடிக்குள் சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. உங்களுடையது ரப்பர் இறுகிப்போன பிரச்சினை. நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் புது டயரையும் அதே மாதிரி அழுத்துங்கள், வித்தியாசம் தெரியும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது, ஈரத்தில்தான் வழுக்கும். நீங்கள் போகிற மலை தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்கிற பகுதி, சின்னக்கல்லாறு அங்கேதான் இருக்கிறது.

ஸ்டியரிங் நடுக்கம் பேலன்ஸிங் இல்லாததால், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததால் இருக்கலாம், ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்று டயர் ஒரு பக்கம் தட்டையானதாலும் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

நெல்லை ரோடு:

இது கொஞ்சம் பயமுறுத்தல் மாதிரி படுகிறது. என் வண்டியில் ஏழு வருட டயர், நன்றாகத்தான் ஓடுகிறது. போய்வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே, அல்லது இப்போதைக்கு முன்னால் இரண்டு மட்டும் போட்டால் பாதிச் செலவு.

சேலம் டயர்க்காரர்:

ஊருக்குள் நாற்பதில் ஓட்டுவதற்கு ஓடும் நண்பரே, மறுக்கவில்லை. இவர் ஐந்து பேரும் பெட்டியுமாக, மே வெயிலில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் போகப் போகிறார். பாரம், சூடு, வேகம், பழைய ரப்பர் நான்கும் சேரும்போதுதான் டயர் வெடிக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிகள், பல கார் கம்பெனிகள் ஆறு வருடத்தோடு நிறுத்தச் சொல்கின்றன.

இரண்டுதான் முடியும் என்றால் புது டயரைப் பின்னால் போடுங்கள். முன்னால்தானே இழுக்கிறது என்று கடையில் முன்னால் மாட்டிவிடுவார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், கொண்டை ஊசி வளைவில் அதைச் சமாளிக்க நம்மால் ஆகாது. ஆனால் இவருக்கு நான்குமே மாற்றச் சொல்வேன்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் முழு பாரத்துக்குத் தனிக் காற்றளவு போட்டிருப்பார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது கிளம்புகிற காலையில், அந்த அளவுக்கு அடியுங்கள். ஸ்டெப்னிக்கும் அடியுங்கள். அப்புறம் வண்டியில் இருக்கும் ஸ்பானரால் ஒரு நட்டையாவது வீட்டு வாசலில் கழற்றிப் பாருங்கள். கடையில் மெஷின் கன் (நட் முடுக்கும் கருவி) வைத்து இறுக்கியதை ராத்திரி ரோட்டோரத்தில் கையால் திறக்க முடியாமல் தவிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்சீட்டு அம்மா:

எல்லாரும் வண்டியைப் பார்க்கிறீர்கள், உள்ளே உட்காரப் போகிறவர்களையும் பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது பின்சீட்டைத்தான். பாதி வண்டிகளில் பெல்ட் மாட்டும் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும், கவர் போட்டவர் அதற்கு ஓட்டையே விட்டிருக்க மாட்டார். வெளியே எடுத்து வையுங்கள், இல்லை கவரைக் கழற்றிப் போடுங்கள். மூன்று பெல்ட்டையும் முழுக்க இழுத்து ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா பாருங்கள். தோள் பெல்ட் என்றால் வெடுக்கென்று இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும்.

பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் ஆயிரம் ரூபாய் அபராதம், அதைவிட முக்கியம் பிள்ளை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த கார் விபத்தில் அவர் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் இதற்கு மாற்று கிடையாது. மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள அம்மாவை விடாதீர்கள்.

சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். டேஷ்போர்டில் பிள்ளையார் இருந்தால் ஏர்பேக் மூடி மேல் இல்லாமல் நகர்த்தி வையுங்கள். ஏர்பேக் விரிகிற வேகத்தில் அது முகத்துக்குத்தான் வரும்.

ஆழியாறு டிரைவர்:

அண்ணா, வாங்க. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி, ரோடு நன்றாகத்தான் இருக்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இரண்டாவது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். வேகம் கூடும்போது நன்றாக ஒரு மிதி, வேகம் இறங்கியதும் முழுக்க விடுதல், அவ்வளவுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் கூடவே கூடாது. அணைத்தால் பூஸ்டர் போகும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

கருகிய வாசனை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், முறை அவர்களுக்குத்தான். பனி இறங்கினால் டிம் லைட், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வைப்பர் ரப்பரும் எட்டு வருடம் என்றால் மாற்றிவிட்டு வாருங்கள். இருட்டுவதற்கு முன் ஏறிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு.

தாம்பரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. பழைய பில் எதிலும் பிரேக் ஆயில் இல்லை. இன்று பக்கத்தில் நின்று மாற்ற வைத்தேன், பின்சக்கரத்திலிருந்து வந்தது கிட்டத்தட்ட கறுப்பு. டயர் எண் ஐந்திலும் 2017, நான்கும் மாற்றிவிட்டேன், பேலன்ஸிங் செய்ததும் நடுக்கம் இல்லை. பழையதில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாக வைத்திருக்கிறேன். பின்சீட்டின் நடு பூட்டு அந்த அம்மா சொன்னபடியே கவருக்கு அடியில்தான் இருந்தது. பூஸ்டர் சோதனையில் பெடல் இறங்குகிறது.

சேலம் டயர்க்காரர்:

நல்லது. அந்த ஸ்டெப்னி பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும், அதில் மலை ஏறாதீர்கள். புதிதாக மாட்டிய சக்கரம் என்பதால் நூறு கி.மீ. ஓடியதும் நட் எல்லாவற்றையும் ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கிளம்பினால் திண்டிவனம் பக்கம் டீ குடிக்க நிறுத்தும்போது செய்துவிடலாம்.