500 தலை இருந்தாத்தான் ரோடா?

அடிவாரத்தான்: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு: "மலை மேல முந்நூறு பேருக்கு ரோடு போடுறது பணத்தைக் காட்டுல கொட்டுறது. அந்தக் காசுல பாலக்கோடு மார்க்கெட் ரோட்டை அகலம் பண்ணுங்க." படிச்சதுலேர்ந்து சோறு இறங்கல. 2021 தேர்தல்ல நம்ம தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் கோட்டூர்மலைக்கு ஓட்டு மிஷின் கழுதை முதுகுல போச்சு. ஓட்டு வாங்கக் கழுதை கிடைக்குது, ஜல்லி ஏத்த லாரி கிடைக்கலையா?

தக்காளிக்கூடை: எழுதினது நான்தாங்க, பேர் சொல்லியே திட்டலாம். விடியக்காலையில வண்டி மார்க்கெட் வாசல்ல மாட்டினா, உள்ள போறதுக்குள்ள வெலை இறங்கிடும். எங்க வயிறு வயிறு இல்லையா?

ஓவர்சியர் (ஓய்வு): ரெண்டு பேரும் விதி தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அழுங்க. பிரதமர் கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர்ல வந்தது. 500 பேர் இருக்கணும். முந்நூறுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கதை முடிஞ்சுது.

அடிவாரத்தான்: மலைக்கு 250 சார். முந்நூறு பெருசா, 250 பெருசா?

ஓவர்சியர் (ஓய்வு): 250ங்கறது இமாச்சல், வடகிழக்கு மாதிரி மலை மாநிலத்துக்கு. பாலைவனத்துக்கு. அரசியல் சட்டத்தோட அஞ்சாவது அட்டவணையில வர்ற பழங்குடிப் பகுதிக்கு. தமிழ்நாட்டுல அஞ்சாவது அட்டவணைப் பகுதியே கிடையாது தம்பி. நம்ம ஊருக்கு 500. எழுதி வெச்சுக்கோங்க.

களிக்கிண்டி: எதை வெச்சு 500 எண்ணுறீங்க சார்? எங்க மலையில நாப்பது வீடு இங்க, ஓடைக்கு அந்தப்பக்கம் முப்பது வீடு, மேல ஏறினா இன்னும் கொஞ்சம். பஞ்சாயத்து முழுக்க எண்ணினா ஆயிரம் தாண்டும். ஒவ்வொரு கொத்தா எண்ணினா ஒண்ணும் தேறாது. குடியிருப்புன்னா எது?

ஓவர்சியர் (ஓய்வு): 500ன்னா 500 தாம்மா.

அடிவாரத்தான்: 250!

ராயக்கோட்டை ரயில்: ஆடு மாட்டைச் சேர்த்துக்கோங்கப்பா, 700 வரும் :)

மாங்கா மண்டி: இவ்வளவு பேசுறீங்களே, தொப்பூர் கணவாயில 6.6 கிலோமீட்டர் நெடுஞ்சாலை வேலைக்கு 905 கோடி. வகுத்துப் பாருங்க, கிலோமீட்டருக்கு 137 கோடி. அதுல ஒரு கிலோமீட்டர் காசு இருந்தா எத்தனை மலைக்கு ரோடு போடலாம்?

ஓவர்சியர் (ஓய்வு): வந்துட்டாரு கணக்குப்புள்ள. அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துப் பணம். கிராமச் சாலைக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. அந்தப் பையிலேர்ந்து இந்தப் பைக்கு ஒத்தப் பைசா வராது. தொப்பூர் இறக்கத்துல பிரேக் பிடிக்காத லாரி முன்னால நின்னு பார்த்திருக்கீங்களா? நான் நின்னிருக்கேன்.

மாங்கா மண்டி: பை வேற, வரி கட்டுற ஆள் ஒண்ணுதானே. கிருஷ்ணகிரியில டோல் கட்டுறவனும் நாங்கதான்.

தக்காளிக்கூடை: உங்களை யாரு பேசச் சொன்னது? 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரின்னு தனி மாவட்டம் வாங்கிட்டுப் போயாச்சு. ஓசூர் ஃபேக்டரி, மாம்பழக்கூழ் எல்லாம் உங்க பக்கம். தர்மபுரிக்கு மிச்சம் வெயில்தான்.

மாங்கா மண்டி: முதல்ல ஊர் பேரை ஒழுங்கா எழுதுங்க. தருமபுரி.

தக்காளிக்கூடை: பொறந்ததுலேர்ந்து தர்மபுரின்னுதான் சொல்றேன். மாங்காக்காரன் வந்து சொல்லிக்குடுக்க வேணாம்.

களிக்கிண்டி: என் கேள்வி அப்படியே நிக்குது. போன மழைக்கு எங்க அத்தை பொண்ணைப் பிரசவ வலியோட தூளி கட்டித்தான் இறக்கினோம். வழியிலயே பொறந்துடுச்சு. அந்தக் குழந்தையையும் சேர்த்தா உங்க கணக்குல எத்தனை சார்?

ஓவர்சியர் (ஓய்வு): வருத்தம்தான்மா. ஆனா திட்டம் முதல்ல பார்த்தது 2001 மக்கள்தொகைக் கணக்கு, இப்ப பார்க்கறது 2011 கணக்கு. அந்தக் குழந்தை ரெண்டுலயும் இல்ல. இருந்தாலும் 500 வராது. அதோட அது வனத்துறை நிலம், கையே வைக்க முடியாது.

களிக்கிண்டி: முடியும். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2). ரோடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள காட்டு நிலம் கொடுக்கலாம். வெட்டுற மரம் ஹெக்டேருக்கு 75க்கு மேல போகக்கூடாது, கிராமசபை பரிந்துரை வேணும். டெல்லி வரைக்கும் போக வேண்டியதே இல்ல, மாவட்ட வன அலுவலர் கையெழுத்து போதும்.

ஓவர்சியர் (ஓய்வு): பரவாயில்லையே, படிச்சிருக்கீங்க. ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர். ஒருவழித் தார் ரோடு 3.75 மீட்டர் அகலம். ரெண்டே முக்கால் கிலோமீட்டர்கூட வராது. உங்க மலை எத்தனை?

களிக்கிண்டி: காட்டுக்குள்ள ஆறு.

ஓவர்சியர் (ஓய்வு): அப்ப பாதி வழியில ரோடு நிக்கும். அதுக்கும் 500 பேர் வேணும்.

களிக்கிண்டி: அந்தச் சட்டத்துல 500ன்னு எங்க சார் இருக்கு? ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறீங்க?

ஓவர்சியர் (ஓய்வு): முப்பத்தொரு வருஷம் டேப் பிடிச்சவன்மா நான்.

ராயக்கோட்டை ரயில்: அதான் எங்க தெரு ரோடு ஒரு மழைக்கே போச்சா சார்?

ஓவர்சியர் (ஓய்வு): யாருய்யா நீ? எந்தத் தெரு? எந்த வருஷம் போட்டது? தைரியம் இருந்தா சொந்தப் பேருல வா.

அடிவாரத்தான்: 250.

மாங்கா மண்டி: தருமபுரி.