பாட்டி வீட்டு ஷூட்டிங்: குடும்பக் குழு

அருண்: ஞாயித்துக்கிழமை பாட்டி வீட்ல நம்ம பாட்டு ஷூட். கூடம், மொட்டை மாடி ரெண்டும் வேணும். லைட்டுக்கு 4000 தான் ஒதுக்க முடியும். செல்வம் மாமா, என்ன எடுக்கட்டும்?

செல்வம் மாமா: கல்யாண வீடியோக்காரங்க வச்சிருக்கிற 1000 வாட் ஹாலஜன் ரெண்டு. அதுக்கு மேல வேணாம். முதல்ல கரண்டைப் பாரு. 230 வோல்ட்ல ஒரு லைட்டு 4.3 ஆம்ப் இழுக்கும். ரெண்டையும் கூடத்து 6 ஆம்ப் பிளக்ல சொருகினா லோடு அதிகமானா தானா அணையுற எம்சிபி சுவிட்ச் விழுந்துடும். ஒண்ணு கிரைண்டர் பவர் பிளக், ஒண்ணு கீசர் பிளக். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளிலேர்ந்து முழுசா அவுத்து விடு. சுத்தினபடியே ஓட்டினா உள்ளே சூடேறி உருகும்.

கீதா அத்தை: காதுகுத்தப்ப எரிஞ்ச ஒயரே இன்னும் மாத்தலை

பெரியப்பா: மாத்த நான் பணம் குடுத்தேன். எங்க போச்சுன்னு கேளு.

கீதா அத்தை: அண்ணே இங்க வேணாம்

அருண்: ஒரு லைட்டை முகத்துக்கு நேரா வைக்கலாமா மாமா?

செல்வம் மாமா: கூடவே கூடாது. நேரா அடிச்சா நெத்தியும் மூக்கும் எண்ணெய் தடவின மாதிரி மின்னும், கன்னம் தட்டையாயிடும். லைட்டைத் தெர்மாகோல் பக்கம் திருப்பு. அதுல பட்டு வர்ற வெளிச்சம் பக்கவாட்டுல முகத்துல விழட்டும். 4 அடியாவது தள்ளி வை, சூட்டுல தெர்மாகோல் உருகிடும். மறுபக்கம் கறுப்புத் துணி தொங்கவிடு. இல்லைன்னா வெள்ளைச் சுவரே வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு நிழலைத் தின்னுடும். ரெண்டாவது லைட்டு ஜன்னலுக்கு வெளியே, பின்னாலேர்ந்து. சாம்பிராணி போட்டு ஃபேனை நிறுத்தினா கம்பி இடுக்குல கதிர் கதிரா இறங்கும். அதுதான் உன் பாட்டுக்கு அழகு.

பாட்டி (குரல் பதிவு): சாம்பிராணி பூஜை அலமாரி கீழ்த்தட்டுல இருக்குய்யா. பலாப்பழம் பழுத்துடுச்சு, எல்லாரும் வாங்க.

ப்ரியா: பலாப்பழமா!! எனக்கு பாதி

ப்ரியா: மாமா வெள்ளை சுடிதார் ஓகேவா

செல்வம் மாமா: சந்தனக் கலர் போடும்மா. கேமராவுல வெளிச்ச அளவை, அதான் எக்ஸ்போஷரை, முகத்துக்கு வச்சா வெள்ளை வெளிறிப்போகும்.

பெரியப்பா: கூடத்துல ரெண்டு டியூப்லைட் இருக்கே, போதாதா

செல்வம் மாமா: அதை அணைச்சிடணும் மச்சான். வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்வாங்க. ஹாலஜன் 3200 கெல்வின், மஞ்சள். அந்த டியூப் 6500, நீலம். ஒரே முகத்துல ரெண்டும் விழுந்தா எடிட்டிங்ல ஒண்ணைச் சரிபண்ணினா இன்னொண்ணு கெடும். பகல் வெளிச்சமும் அப்படித்தான். அதனால மாடியை 5.30க்கு வெயில்லயே எடு, தெர்மாகோல் மட்டும் போதும். காத்துல பறக்கும், செங்கல் வை. கூடத்தை 7 மணிக்கு மேல.

கீதா அத்தை: 7 மணிக்குத்தான் மோட்டார் போடுவோம்

செல்வம் மாமா: அன்னிக்கு மட்டும் 5க்கே போட்டுடு.

அருண்: டெஸ்ட் எடுத்தேன். சீரியல் பல்பு மினுக்குது, ஸ்லோமோஷன்ல பட்டை ஓடுது

செல்வம் மாமா: ஷட்டர் எவ்வளவு? ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் திறந்திருக்கு?

அருண்: 1/125 நொடி

செல்வம் மாமா: அதான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தா ஷட்டர் 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100. அப்பவும் மினுக்கினா அந்த சீரியலையே மாத்து. ஸ்லோமோஷனுக்குப் பாட்டை டபுள் ஸ்பீடுல ஓடவிட்டு வாயசைக்கச் சொல்லு. 50 ஃபிரேம்ல எடுத்ததை 25ல போடறப்ப உதடு சேரும். ஹாலஜன் பல்பை வெறுங்கையால தொடாதே, விரல் எண்ணெய் பட்ட இடத்துல சூடேறி வெடிக்கும். ஸ்டாண்டு கால்ல மணல் மூட்டை.

பெரியப்பா: கரண்ட் பில்லு?

செல்வம் மாமா: ரெண்டும் 5 மணி நேரம் எரிஞ்சா 10 யூனிட்.

பெரியப்பா: மீட்டர் என் பேர்ல இருக்கு

கீதா அத்தை: அண்ணே

அருண்: நான் கட்டிடறேன் பெரியப்பா. தெர்மாகோல் யார் வாங்கறீங்க?

ப்ரியா: பாட்டி பலாப்பழத்தை நான் வர்றவரைக்கும் வெட்டாதீங்க

அருண்: தெர்மாகோல்??