கெட்ஜிஆர்நேம் (லினக்ஸில் குழுவின் பெயரைக் கொடுத்து அதன் விவரம் கேட்கும் சார்பு) உங்களை ஏமாற்றிய அனுபவம் உண்டா?

இரவுப்பணி
ரெண்டு வருஷம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. காப்பு நகல்களை யார் அழிக்கலாம் என்று ஒரு சின்னச் சோதனை எழுதியிருந்தேன். கெட்ஜிஆர்நேம் தரும் ஜிஆர்_மெம் என்ற உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் மறுப்பு. எல்லோருக்கும் ஓடியது. அந்தக் குழுவையே உருவாக்கிய மூத்த நிர்வாகிக்கு மட்டும் "அனுமதி இல்லை". அவர் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஒருவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று காட்டும் ஐடி கட்டளை போட்டால் முதலில் வருவதே அந்தக் குழு. குழுக்களின் கோப்பான /எட்சி/குரூப்பைத் திறந்தேன், அந்தக் குழுவின் வரிக் கடைசியில் ஆறு பெயர்கள், அவர் பெயர் இல்லை. அது அவருடைய முதன்மைக் குழு, அதாவது அவர் கணக்கிலேயே குறித்திருக்கும் குழு. அந்தக் குழுவின் எண் பயனர் கோப்பான /எட்சி/பாஸ்வேர்டில் அவர் வரியின் நான்காவது புலத்தில் உட்கார்ந்திருந்தது. முதன்மைக் குழுவையும் சேர்த்துத் தரும் கெட்குரூப்லிஸ்டுக்கு மாற்றினேன், சரியானது. "அப்போ நான் யாருப்பா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

சுட்டி_77
எனக்கு வேறு மாதிரி. ஒரு கோப்பின் குழு மாறினால் பழைய பெயர், புதிய பெயர் ரெண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். குழு எண்ணைக் கொடுத்தால் விவரம் தரும் கெட்ஜிஆர்ஜிஐடியை ரெண்டு முறை அழைத்து ரெண்டு சுட்டிகளில் (நினைவக முகவரியை வைக்கும் மாறிகள்) வைத்தேன். பதிவேடு முழுக்க "தணிக்கை → தணிக்கை". மூன்று நாள் இயங்குதளத்தின் மையமான கர்னலைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சுட்டிகளின் முகவரியை அச்சிட்டுப் பார்த்தால், ரெண்டும் ஒரே எண்! உள்ளே இருப்பது ஒரே ஸ்டாட்டிக் (நிலையாக ஒதுக்கிய) இடம், அடுத்த அழைப்பு அதன் மேலேயே எழுதிவிடுகிறது. முதல் பெயரை நகலெடுத்து வைத்திருந்தால் போதும்.

மாலாக்
இரவுப்பணி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜிஆர்_மெம் ஏமாற்றவில்லை, கேட்ட கேள்விதான் தப்பு. கோப்பைத் திறந்து பார்ப்பதும் எப்போதும் உதவாது; குழு எல்டாப்பில் (பல கணினிகளுக்குப் பொதுவான பயனர் விவரச் சேவை) இருந்தால் அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது.

என் கதை சின்னது: 1024 பைட் இடம் கொடுத்து கெட்ஜிஆர்நேம்_ஆர் (விடைக்கான இடத்தை நாமே கொடுக்கும் வகை) அழைத்தேன், உறுப்பினர்கள் அதிகமான ஒரு குழு "இல்லை" என்றே வந்தது. வந்திருந்தது இடம் போதவில்லை என்னும் ஈரேஞ்ச் பிழை, நான்தான் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன். எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் சிஸ்கான்ஃப் தரும் அளவு தொடக்கத்துக்கான யோசனைதான், உச்சவரம்பு இல்லை. சில இடங்களில் -1கூட வரும். ஈரேஞ்ச் வந்தால் இடத்தை இரட்டிப்பாக்கித் திரும்ப அழையுங்கள். _ஆர் வகையில் பிழை எண் திரும்பும் மதிப்பிலேயே வரும். அது 0, விடைச் சுட்டி நல் (வெற்று) என்றால்தான் குழு உண்மையிலேயே இல்லை. _ஆர் இல்லாத பழைய வகை என்றால் அழைப்பதற்கு முன் பிழை எண் வரும் எர்நோவை 0 ஆக்குங்கள். அப்புறம், கோப்பைத் தொடலாமா என்பதைக் கர்னலிடமே விடுங்கள், பெயர்ப்பட்டியலை வைத்து நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

இரவுப்பணி
@மாலாக் காரணம் தேடத்தான் கோப்பைத் திறந்தேன். நிரல் அதைப் படிக்கவில்லை.

பதினேழாவது
கர்னலிடம் விட்டும் மாட்டினேன். லினக்ஸ் 2.6.4 முதல் ஒரு புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) 65,536 துணைக் குழுக்கள் (முதன்மைக் குழுவுக்கு மேல் சேர்பவை) வரை இருக்கலாம். ஆனால் வலையமைப்பு வழியே கோப்பு பகிரும் என்எஃப்எஸ்ஸில், பயனர், குழு எண்களை அனுப்பும் ஆத்_சிஸ் முறைக் கோரிக்கை 16 துணைக் குழுக்களைத்தான் சுமக்கும். ஐடி கட்டளையில் குழு தெரிகிறது, கோப்பு திறக்க மறுக்கிறது. அந்தப் பயனருக்கு 17 துணைக் குழுக்கள். தேவையில்லாத ஒன்றிலிருந்து நீக்கி மறுபடி லாகின் செய்யச் சொன்னேன். கோப்பு திறந்தது.